நான்கு வயதுப் பிள்ளையை எங்கே அழைத்துச் செல்வது, யாரோடு விளையாட விடுவது?

சென்னை பெரம்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் வசிக்கும் வாசகி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "என் மகனுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது, எல்.கே.ஜி. படிக்கிறான். நானும் கணவரும் வேலைக்குப் போவதால் ஞாயிற்றுக்கிழமைதான் அவனோடு முழுதாக இருக்க முடிகிறது. மாலில் உள்ள விளையாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போகிறோம். செலவும் ஆகிறது, கிளம்பும்போது தரையில் புரண்டு அழுகிறான். குடியிருப்பில் உள்ள பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்தால் கால் மணி நேரத்தில் சண்டை வந்துவிடுகிறது. பூங்காவுக்குப் போனாலோ மற்றவர்கள் விளையாடுவதை நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறான். நாங்கள் என்ன செய்யலாம்?"

அம்மா, உங்கள் மகனிடம் குறை இருப்பதாக இந்த விவரங்களை வைத்து நான் எண்ணவில்லை. அவனுடைய வயது தாங்குவதைவிடப் பெரிய இடமும், நீண்ட நேரமும், கூடுதலான ஆட்களும் ஒரே நாளில் அவன்மேல் வந்து விழுகின்றன என்றே தோன்றுகிறது. ஆகவே என் யோசனை இதுதான்: சிறிய இடத்துக்கு, குறைந்த நேரத்துக்கு, ஆனால் திரும்பத் திரும்ப அழைத்துச் செல்லுங்கள், பல பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டாமல் ஒரே ஒரு பிள்ளையோடு, அதுவும் பழகிய அதே பிள்ளையோடு, அடிக்கடி விளையாட விடுங்கள்.

பெரியவர்களுக்குப் போய்ச் சேரும் இடம்தான் பயணத்தின் பொருள். நான்கு வயதில் அப்படி இல்லை. படியிறங்குவது, பேருந்துக்குக் காத்திருப்பது, நடத்துநர் விசில் ஊதுவது, வழியில் ஒரு பூனை மதில்மேல் உட்கார்ந்திருப்பது ஆகிய எல்லாமே அந்தப் பிள்ளைக்குச் சமமான நிகழ்ச்சிகள். விளையாட்டுக் கூடத்தில் இரண்டு மணி நேரம் பளிச்சிடும் விளக்கும் இரைச்சலும் அந்நியப் பிள்ளைகளின் தள்ளுமுள்ளும் சேர்ந்து அவனை முறுக்கேற்றிவிடுகின்றன. பசியும் மதியத் தூக்கம் தவறியதும் கூடும்போது, 'கிளம்பலாம்' என்ற ஒரு சொல்லில் அத்தனையும் உடைந்து அழுகையாக வருகிறது. அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு தண்டித்தால் பயன் இராது.

கிளம்பும் நேரத்தைக் கையாள ஒரு வழி இருக்கிறது. 'இன்னும் பத்து நிமிடம்' என்று சொல்வது நான்கு வயதுக்கு விளங்காது, ஏனென்றால் நிமிடத்தின் நீளத்தை உணரும் திறன் அந்த வயதில் இன்னும் வரவில்லை. 'இன்னும் மூன்று தடவை சறுக்கு, பிறகு தண்ணீர் குடிப்போம், பிறகு செருப்புப் போடுவோம்' என்று எண்ணக்கூடிய செயல்களாகச் சொல்லுங்கள். மூன்றையும் அவனோடு சேர்ந்து உரக்க எண்ணுங்கள். எண்ணி முடித்தபின் நான்காவது தடவைக்கு இடம் கொடுக்காதீர்கள். அழுதால் அழட்டும், அருகில் நின்று அமைதியாகத் தூக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே மாதிரி நடந்தால், சில வாரங்களில் அந்த முடிவு அவனுக்குப் பழகிவிடும்.

இடங்களைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் பெரம்பூரில் இருப்பதால் தொலைவில் தேட வேண்டியதில்லை. பழைய நீராவி எஞ்சின்களும் பெட்டிகளும் திறந்த வெளியில் நிற்கும் ரயில் அருங்காட்சியகம் உங்கள் பக்கத்திலேயே, ஐ.சி.எஃப். எனப்படும் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் அருகில் 2002 முதல் இயங்கிவருகிறது. சிறுவர்களுக்கான குட்டி ரயிலும் அங்கே உண்டு. நான்கு வயதுப் பிள்ளை ஒரு எஞ்சினின் சக்கரத்தருகே கால் மணி நேரம் நின்றால் அவசரப்படுத்தாதீர்கள். மீதியைக் காட்டிவிட வேண்டும் என்ற எண்ணம் நமக்குத்தான் இருக்கிறது, அவனுக்கு இல்லை. அடுத்த மாதம் இன்னொரு எஞ்சினைப் பார்த்துக்கொள்ளலாம்.

ரயில் பயணமே தனியாக ஒரு நாள் வேலையாக இருக்க முடியும். ஐந்து வயதுக்குக் கீழான பிள்ளைக்கு ரயிலில் தனி இருக்கை கேட்காதவரை கட்டணம் இல்லை. மின்சார ரயிலில் நான்கைந்து நிலையம் போய், நடைமேடையில் உட்கார்ந்து இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, வந்த வழியே திரும்புங்கள். அரசுப் பேருந்துகளிலும் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை என்று 2022-இல் அறிவித்தார்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும் 2021 முதல் கட்டணமில்லாப் பயணம் இருப்பதால், நீங்களும் மகனும் ஒரு காசு செலவில்லாமல் நகரத்தைச் சுற்றிவர முடியும். மெட்ரோவில் மட்டும் கணக்கு வேறு: வயதைப் பார்க்காமல் உயரத்தைப் பார்க்கிறார்கள், 90 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைக்குத்தான் பயணச்சீட்டு தேவையில்லை, நான்கு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் அந்த உயரத்தைத் தாண்டியிருப்பார்கள்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் சிறுவர் அருங்காட்சியகமும், விலங்கியல் பகுதியில் திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்த எலும்புக்கூட்டை மட்டும் பார்த்துவிட்டு, அதன் நீளத்தைக் காலடியால் அளந்துவிட்டு, மரநிழலில் ஓடவிட்டு அழைத்து வந்தால் போதும். செப்புத் திருமேனிகளைப் பார்க்கப் பள்ளிப் பருவம் வரட்டும். வெயில் கொளுத்தும் சித்திரை வைகாசியிலும், ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதி நல்ல புகலிடம். குளிர்சாதன வசதியோடு, நடுவே செயற்கை மரம் ஒன்று நிற்கும் அந்தக் கூடத்தில் படப்புத்தகங்களைத் தரையில் பரப்பிப் பார்க்கலாம். கிண்டி சிறுவர் பூங்காவில் மான், பறவை ஆகியவற்றோடு விளையாட்டுத் திடலும் இருப்பதால் அது இந்த வயதுக்கு மிகப் பொருத்தமான அளவு. வண்டலூர் உயிரியல் பூங்கா அப்படியல்ல: அது 602 ஹெக்டேர், பெரியவர்களுக்கே கால் கடுக்கும். போவதென்றால் யானை, நீர்யானை, மனிதக்குரங்கு என்று இரண்டு மூன்றை முன்னரே மகனோடு பேசி முடிவு செய்துகொண்டு, பேட்டரி வண்டியில் ஏறி, அவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இவ்விரண்டு இடங்களுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதைக் கவனத்தில் வையுங்கள்.

கடற்கரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மணலைவிடச் சிறந்த விளையாட்டுப் பொருளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஒரு சிறு வாளி, பழைய கரண்டி, இரண்டு கொட்டாங்குச்சி போதும். மணலை நீளமாக வரப்பு போலக் குவித்து, அதற்குள் குச்சியை ஒளித்துவைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லும் 'கிச்சுக்கிச்சுத் தாம்பாளம்' நான்கு வயதுக்கென்றே பிறந்த விளையாட்டு: முறை வைத்து ஆட வேண்டும், காத்திருக்க வேண்டும், ஊகிக்க வேண்டும், தோற்றாலும் அடுத்த நொடியே மறுபடி ஆடலாம். ஆனால் மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் கடல் அடியில் இழுக்கும் தன்மையுடையது. பெரியவர்கள் பலரே அங்கு உயிரிழந்திருக்கிறார்கள். அலை தொடும் இடத்துக்குப் போவதென்றால் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் அவர் கைப்பேசியில் படமெடுக்கக் கூடாது. கூட்டத்தில் தவறிவிட்டால் உதவும்படி உங்கள் எண்ணை அவன் மணிக்கட்டில் பேனாவால் எழுதிவையுங்கள், அல்லது சட்டைப் பைக்குள் சீட்டாக வைத்துத் தையுங்கள்.

தின்பண்டங்களிலும் எச்சரிக்கை வேண்டும். முழு வேர்க்கடலை, சோளப்பொரி, முழுத் திராட்சை, கெட்டி மிட்டாய் ஆகியவை ஐந்து வயதுக்குட்பட்டவர்களின் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை. ஓடிக்கொண்டே தின்னும்போது அபாயம் இன்னும் கூடுகிறது. சுண்டல் வாங்கினால் கையால் மசித்து, உட்காரவைத்துக் கொடுங்கள். ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்தது ஆய்வில் தெரியவந்ததால் பஞ்சு மிட்டாய் விற்பனையைத் தமிழக அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்தது. எங்கேனும் விற்றாலும் வாங்க வேண்டாம். வீட்டிலிருந்து தயிர்சாதமும் வாழைப்பழமும் எடுத்துப் போவது எளிது. கோடையில் காலை ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுவதுபோலவோ, மாலை ஐந்துக்குமேல் கிளம்புவதுபோலவோ திட்டமிடுங்கள். இரும்புச் சறுக்குமரத்தை நீங்கள் கையால் தொட்டுப் பார்த்தபின் ஏற்றிவிடுங்கள். மாற்று உடை ஒரு செட் பையில் எப்போதும் இருக்கட்டும். நன்றாகப் பழகிய பிள்ளையும் விளையாட்டு மும்முரத்தில் சிறுநீரை அடக்கிக்கொண்டே இருந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதுமா என்றால், போதாது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலை அசைத்து இயங்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும், திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அலுவலகத்திலிருந்து வந்தபின் மொட்டை மாடியிலோ தெருமுனைப் பூங்காவிலோ அவனோடு செலவிடும் அரைமணி நேரமும், காய் வாங்கக் கூடவே அழைத்துப் போய் இரண்டு தக்காளியை அவனையே பொறுக்கச் சொல்வதும் இந்தக் கணக்கில் சேரும்.

இனி, வீட்டுக்கு வரும் பிள்ளைகளோடு சண்டை. நான்கு வயதில் பகிர்ந்து விளையாடுவது இப்போதுதான் கற்கத் தொடங்கும் ஒரு திறமை. அதிலும் தன் வீட்டில், தன் பொம்மையை இன்னொருவர் எடுக்கும்போது அது மிகக் கடினம். வருபவர் ஒருவராக இருந்தால் இது பாதி தீர்ந்துவிடும், ஏனென்றால் மூவர் சேர்ந்தால் இருவர் ஒரு பக்கமாகி ஒருவர் தனித்து விடப்படுவது வழக்கம். விருந்தாளி வருமுன் மகனிடம், 'இதில் எதை யாருக்கும் தர மனமில்லையோ அதை எடுத்து அலமாரியில் வைத்துவிடலாம்' என்று கேளுங்கள். அவன் எடுத்துவைத்ததை எவர் கேட்டாலும் நீங்கள் திறந்து கொடுக்காதீர்கள். மீதியுள்ளவற்றில் இரட்டையாக உள்ளவற்றை முன்னால் வையுங்கள். பொம்மையைவிடப் பொருள்கள் நன்றாக வேலை செய்யும்: ஆளுக்கொரு உருண்டை சப்பாத்தி மாவு, பால்கனியில் ஆளுக்கொரு கிண்ணம் தண்ணீரும் கரண்டியும், சொப்புச் சாமான், பெரிய அட்டைப்பெட்டி. யாருடையது என்ற கேள்வி எழாத பொருள்களில் சண்டையும் குறைவு.

நேரம் முக்கால் மணி முதல் ஒன்றேகால் மணி வரை போதும். நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும்போதே முடிப்பது அடுத்த முறைக்கு ஆசையை மிச்சம் வைக்கும். பெரியவர் ஒருவர் காதுக்கு எட்டும் தூரத்தில் காய் நறுக்கிக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ இருக்கட்டும், ஆனால் ஆட்டத்தை நடத்த வேண்டாம். பிடுங்கல் வந்தால் சற்றுப் பொறுத்துப் பாருங்கள், பல சண்டைகளை அவர்களே முடித்துக்கொள்வார்கள். கை ஓங்கினால் மட்டும் உடனே நடுவில் போய், குரலை உயர்த்தாமல் கையைப் பிடித்து, 'அடிக்க விடமாட்டேன்' என்று சொல்லிவிட்டு, அவன் சொல்லவேண்டிய வாக்கியத்தை அவன் வாயில் கொடுங்கள்: 'நான் முடிச்சதும் தரேன்' என்பதுதான் அது. கட்டாயப்படுத்தி 'சாரி' சொல்லவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கோபம் ஆறியதும் அடிபட்ட பிள்ளைக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னால் அவனுக்கு விஷயம் புரியும்.

அவனை இன்னொரு வீட்டுக்கு அனுப்பும்போது இந்த வயதில் உங்களில் ஒருவர் உடன் இருப்பது நல்லது. தாத்தா பாட்டி இருந்தால் அவர்கள் போகலாம். அங்கே நீங்கள் தயங்காமல் கவனிக்க வேண்டியவை சில: தண்ணீர் பிடித்துவைத்த டிரம்மும் வாளியும் மூடியிருக்கின்றனவா, சம்ப் தொட்டியின் மூடி பூட்டியிருக்கிறதா, பால்கனிக் கம்பிகளுக்கிடையே தலை நுழையுமா, மொட்டை மாடிக் கதவு சாத்தியிருக்கிறதா, நாய் வளர்க்கிறார்களா. கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வார்களோ என்ற கூச்சம் வேண்டாம். 'இவன் எல்லாவற்றிலும் கை வைப்பான் அக்கா, ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்' என்று சொன்னால் யாரும் வருந்தமாட்டார்கள். மகனுக்கு எந்த உணவாவது ஒவ்வாது என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, பூங்காவில் நின்று பார்ப்பது. அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்டன் மழலையர் பள்ளிப் பிள்ளைகளைக் கவனித்து 1932-இல் வெளியிட்ட ஆய்வில், தனியாக ஆடுவது, பிறர் ஆடுவதைப் பார்ப்பது, பக்கத்தில் இருந்தபடி தன்பாட்டுக்கு ஆடுவது, பொருள்களைப் பகிர்ந்து ஆடுவது, சேர்ந்து திட்டமிட்டு ஆடுவது என்ற வகைகளைப் பிரித்துக் காட்டினார். பார்ப்பதும் அங்கே ஒரு பங்கேற்புதான். விளையாட்டின் விதியையும், யார் முரடர், யார் சாது என்பதையும் பிள்ளை அப்போது கற்றுக்கொள்கிறது. ஆகவே 'போய் விளையாடு, ஏன் நிற்கிறாய்' என்று முதுகில் கை வைத்துத் தள்ளாதீர்கள், 'இவன் ரொம்பக் கூச்ச சுபாவம்' என்று அவன் காதுபடப் பிறரிடம் சொல்லாதீர்கள். அதே பூங்காவுக்கு, அதே நேரத்துக்கு, கூட்டம் சேருமுன் அழைத்துப் போங்கள். காலியான ஊஞ்சலில் முதலில் அவன் ஆடட்டும், பிறகு வருகிற பிள்ளை அவனிடம் வரும்.

வீட்டில் உங்களோடு கலகலப்பாகப் பேசி, கற்பனையாகச் சமைத்தும் பேருந்து ஓட்டியும் விளையாடுகிறான் என்றால் இந்தத் தயக்கத்துக்காக அஞ்ச வேண்டியதில்லை. பெயரைக் கூப்பிட்டால் பெரும்பாலும் திரும்பாமல் இருப்பது, சின்ன வாக்கியங்களாகக்கூடப் பேசாதது, பாவனை விளையாட்டே இல்லாதது, பழகிய பிள்ளையிடமும் துளி ஆர்வம் காட்டாதது ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் மட்டும் காத்திருக்காமல் குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இதற்கான பரிசோதனையும் பயிற்சியும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.