வெந்நீர் சுற்றவில்லை: பம்ப்பை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் மூன்று மாடி வீடு. மொட்டை மாடியில் 300 லிட்டர் சோலார் ஹீட்டர். கீழ்த்தளத்தில் மாமனார், மாமியார் இருக்கிறார்கள். குழாயைத் திறந்ததும் அவர்களுக்கு வெந்நீர் வரட்டும் என்று ரிட்டர்ன் லைன் (ஆறிய தண்ணீரை சோலார் டேங்க்குக்கே திருப்பிக் கொண்டுபோகும் பைப்) போட்டு, மாடியில் ஒரு சின்ன சுற்று பம்ப் வைத்திருக்கிறோம். போன மாதம் போர் மோட்டார் கெட்டு இரண்டு நாள் தண்ணீர் இல்லை. அதிலிருந்து கீழே அரை பக்கெட் பச்சைத் தண்ணீர் போன பிறகுதான் சூடு வருகிறது. பம்ப் உறுமுகிறது. பிளம்பர் தொட்டுப் பார்த்துவிட்டு, "பம்ப் ஹோகிதே, மாத்திடுங்க" என்கிறார். மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த இரண்டு நாள்தான் முக்கியமான துப்பு.

முதலில் அரை பக்கெட் கணக்கு. உள்விட்டம் 20 மி.மீ. உள்ள பைப்பில் மீட்டருக்கு சுமார் 0.3 லிட்டர் தண்ணீர் நிற்கும். மூன்று மாடிக்கு வளைவு நெளிவெல்லாம் சேர்த்து 25 மீட்டர் என்று வைத்தால் ஏழெட்டு லிட்டர். நீங்கள் சொல்லும் அளவும் ஏறக்குறைய அதுதான். அதாவது கொஞ்சம்கூடச் சுற்றவில்லை, லைன் முழுவதும் ஆறிப்போய் நிற்கிறது. உறுமுகிறது என்பதால் கரண்ட் வருகிறது. டைமரையும் வயரிங்கையும் விட்டுவிடலாம்.

மிச்சம் இரண்டு கேள்வி. பம்ப் சுழலவே இல்லையா, சுழன்றும் தண்ணீர் நகரவில்லையா? ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பம்ப்பின் இரும்பு உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதில் வையுங்கள். சுழன்றால் சீரான இரைச்சல் கேட்கும். நின்றுபோயிருந்தால் வெறும் உறுமல் மட்டும்தான், மோட்டார் பக்கமும் கை வைக்க முடியாதபடி கொதிக்கும். சலசலவென்று குமிழி உடையும் சத்தம் வந்தால் உள்ளே காற்று இருக்கிறது.

நான் முதலில் சந்தேகப்படுவது காற்றைத்தான். டேங்க் காலியானபோது லைனில் காற்று புகுந்திருக்கும். உங்கள் பம்ப் மாடியில், லைனின் உச்சியில் இருக்கிறது. காற்று வந்து தங்குவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

ஓவர்ஹெட் டேங்க்கை நிரப்புங்கள். சுவிட்ச் மட்டும் போதாது, எம்.சி.பி.யையே இறக்குங்கள். மோட்டாரின் நடுவில் நாணயம் அளவுக்கு ஒரு பெரிய திருகு இருக்கும் (புது எலெக்ட்ரானிக் மாடல்கள் சிலவற்றில் இருக்காது). துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தளர்த்துங்கள். முகத்தைக் கிட்டே கொண்டு போகாதீர்கள், சோலார் தண்ணீர் கையைப் பொசுக்கிவிடும். 'புஸ்'ஸென்று காற்று வந்தால் திருடன் அகப்பட்டான். தண்ணீர் ஒரே சீராகக் கசியும்வரை விட்டு, திருகை இறுக்கி, கீழ்த்தள வெந்நீர்க் குழாயை ஐந்து நிமிடம் முழுசாகத் திறந்துவிடுங்கள். அப்புறம் பம்ப்பை அதிக வேகத்தில் ஓட்டுங்கள். ஒரு தடவையில் முழுக் காற்றும் போகாது, இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கலாம்.

காற்றே இல்லை, தளர்த்தியதும் தண்ணீர்தான் வந்தது என்றால், இரு பக்க வால்வையும் மூடிவிட்டுத் திருகை முழுசாகக் கழற்றுங்கள். உள்ளே தண்டின் முனையில் ஒரு வெட்டு தெரியும். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் திருப்புங்கள். இறுக்கமாக இருந்தால் போர் தண்ணீரின் உப்பு பிடித்திருக்கிறது. முன்னும் பின்னுமாகப் பத்து முறை திருப்பினால் பல சமயம் விட்டுக்கொடுக்கும். லேசாகச் சுழல்கிறது, ஆனால் கரண்ட் கொடுத்தால் உறுமுவதோடு சரி என்றால் கெப்பாசிட்டர் போயிருக்கும். அது மலிவான சாமான், எலெக்ட்ரீஷியன் மாற்றிவிடுவார். கரகரவென்று உரசினால்தான் கவலை. இந்த வகைப் பம்ப்புக்கு எண்ணெய் கிடையாது, உள்ளே ஓடும் தண்ணீரே பேரிங்குக்கு மசகு. தண்ணீர் இல்லாத அந்த இரண்டு நாளும் டைமர் அதை வெறுமனே ஓட்டியிருந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம். அப்படியானால் பிளம்பர் சொல்வது சரிதான்.

பம்ப் நன்றாகச் சுழன்றும் ரிட்டர்ன் பைப் சூடாகவில்லையா? போர் வேலைக்கு வந்தவர் ரிட்டர்ன் வால்வை மூடிவிட்டுப் போயிருக்கிறாரா, என்.ஆர்.வி. (தண்ணீர் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் வால்வு) சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் கடையில் வார்ப்பிரும்பு உடம்பு உள்ளதை வாங்காதீர்கள். அது குளிர்நாடுகளில் அறையைச் சூடாக்கும் பாய்லருக்கானது. அங்கே ஒரே தண்ணீர் மூடிய வட்டத்தில் சுற்றும், அதனால் துரு அதிகம் ஏறாது. உங்கள் லைனில் தினமும் புதுத் தண்ணீரும் அதோடு ஆக்சிஜனும் வருகிறது. வெண்கலம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். பழைய பம்ப்பின் நீளத்தையும் அளந்துகொண்டு போங்கள், 130, 180 மி.மீ. என்று அளவுகள் உண்டு. பொருத்தும்போது தண்டு படுக்கைவாட்டில் இருக்க வேண்டும். செங்குத்தாக வைத்தால் மேல் பேரிங்கில் காற்று தங்கி, புது பம்ப்பும் சீக்கிரம் போய்விடும். இதை நம் ஊர் பிளம்பர்கள் நிறைய பேர் பார்ப்பதில்லை, பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

டைமரைக் காலையும் மாலையும் குளிக்கும் நேரத்துக்கு மட்டும் வையுங்கள். ராத்திரி முழுக்கச் சுற்றினால் சோலார் டேங்க்கின் சூடு பைப்பிலேயே போய்விடும். டேங்க் காலியானால் பம்ப்பை நிறுத்தும்படி ஒரு ஃப்ளோட் சுவிட்சும் போட்டுவிடுங்கள்.