குடிபோதையில் எழுதிக் கொடுத்த பவர் செல்லுமா?

கேள்வி: என் கணவர் கொத்தனார். பல வருடக் குடி. அவர் சம்பாதித்து வாங்கிய வீட்டில்தான் நானும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறோம். வட்டிக்கு விடும் ஒருவரிடம் குடிப்பதற்காகவே ஒன்றரை லட்சம் வாங்கியிருக்கிறார். வில்லங்கம் போட்டுப் பார்த்தால், வீட்டை விற்க அந்த ஆளுக்கே பொதுப் பவர் (அதிகாரப் பத்திரம்) பதிவு செய்து கொடுத்திருக்கிறார். கேட்டால், "எதுல கையெழுத்துப் போட்டேன்னே தெரியல" என்கிறார். குடிகாரரிடம் வாங்கிய பத்திரம் செல்லுமா?

– ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: அடி உதை, அடகுக்குப் போன தாலிக்கொடி, மாமியார் பேசிய பேச்சு என்று நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள். முழுக்கப் படித்தேன். ஆனால் பவரை உடைக்க அவை எதுவும் உதவாது. பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தப் பவருக்குள் கடனைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? நாளைக்கே சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் எடுங்கள்.

"வீட்டை விற்று என் கடனை எடுத்துக்கொள்ளலாம்" என்கிற பொருளில் எழுதியிருந்தால், ஒப்பந்தச் சட்டம் 202-வது பிரிவின்படி உங்கள் கணவர் அதைத் தனியாக ரத்து செய்ய முடியாது. அவர் இறந்தாலும் அந்தப் பவர் சாகாது. கடனைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால், அவர் ரத்துப் பத்திரம் பதிவு செய்து, ஏஜெண்டுக்கு, அதாவது பவர் வாங்கிய அந்த ஆளுக்கு, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் தகவல் அனுப்பலாம். ரத்து செய்வதற்குள் அந்த ஆள் விற்றுவிட்டால் வீட்டை வாங்கியவர் மீதும் உங்கள் கணவர் வழக்குப் போட வேண்டியிருக்கும். அதை நடத்தி முடிக்க வருடக்கணக்காகும்.

போதையில் போட்ட கையெழுத்து செல்லாது என்று அதே சட்டத்தின் 12-வது பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் கையெழுத்துப் போட்ட அந்த நேரத்தில் எழுதியிருப்பது புரியாத அளவுக்குப் போதையில் இருந்தார் என்று உங்கள் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். பதிவு செய்த பத்திரம், போட்டோ, கைரேகை, இரண்டு சாட்சி எல்லாம் எதிரில் நிற்கும். "அவர் எப்போதும் குடிதான்" என்று ஊரே சொன்னாலும் போதாது.

என்னிடம் வந்தவர்கள் சறுக்கிய இடம் இதுதான். "என் வீட்டுக்காரருக்குச் சுயநினைவே கிடையாது" என்று மனுவில் எழுதிவிட்டு, அதே ஆளைக் கூட்டிப்போய் ரத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்: பவர் கொடுத்தபோது இல்லாத நினைவு ரத்து செய்யும்போது எங்கிருந்து வந்தது? பதில் இருக்காது. எனவே நினைவே இல்லாதவர் என்று போலீஸ் புகார் உட்பட எங்கேயும் எழுதாதீர்கள்.

அவரைத் தெளிய வைக்க வீட்டில் பூட்டி வைப்பதும் வேண்டாம். பல வருடம் குடித்தவர் சட்டென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். உயிருக்கே ஆபத்து. அந்த நிலையில் வாங்கும் கையெழுத்தும் நிற்காது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். தெளிந்த பிறகு, டாக்டர் சான்று வாங்கிய அன்றே பதிவுக்குப் போங்கள். நீங்கள் அசைவது தெரிந்தால் அந்த ஆள் ஒரு குவார்ட்டரைக் கையில் கொடுத்து இன்னொரு பத்திரம் வாங்கிவிடுவார். அதனால் அதுவரை உங்கள் கணவரைத் தனியாக விடாதீர்கள்.

கணவர் உயிரோடு இருக்கும்போது அவர் சொந்தமாக வாங்கிய சொத்தில் மனைவிக்குப் பங்கு கிடையாது. பவரை எதிர்த்து நீங்களாக வழக்குப் போட முடியாது. உங்களுக்கென்று இருக்கும் வழி, 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 19-வது பிரிவு. குடியிருக்கும் வீட்டை விற்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட்டிடம் தடை கேட்கலாம். மனுவில் அடியைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதிவிட்டு வீட்டின் சர்வே எண்ணை விட்டுவிடுகிறார்கள். எண்ணையும் நான்கு எல்லையையும் கட்டாயம் எழுதுங்கள். தடை கிடைத்தால் அதன் நகலை ஏஜெண்டுக்கும் சார்பதிவாளருக்கும் கொடுங்கள்.

கந்துவட்டிப் புகார் கொடுக்கலாம், அதற்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் வட்டியைக் கையில் கொடுத்திருக்கிறீர்கள், ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அதை மட்டும் நம்பி இருந்தால் வீடு போய்விடும்.

நேராகச் சொல்கிறேன்: பவரில் கடன் வரி இருந்தால் சமாதானமாகப் போங்கள். மிச்ச நகையை விற்றாவது அசலையும் நியாயமான வட்டியையும் பேசி முடியுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். அதே நாளில், சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த ஆளும் சேர்ந்து ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மூலப் பத்திரம், புரோநோட்டு, வெற்றுச் செக் இருந்தால் அவையும் கைக்கு வராமல் அங்கிருந்து நகராதீர்கள்.

அப்புறம் வீட்டை உங்கள் பெயருக்கு செட்டில்மென்ட் (குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் எல்லாக் கடனும் தீர்ந்த பிறகுதான். கடன் நிலுவையில் இருக்கும்போது எழுதினால், கடன்காரர்களை ஏமாற்ற எழுதியது என்று சொத்து மாற்றுச் சட்டம் 53-வது பிரிவில் அதை உடைத்துவிடுவார்கள்.