கடையின் பெயரில் வந்த இசைத்தட்டுகள்

கேள்வி: ‘சில்வர்டோன்’ என்று அச்சிட்ட பழைய அமெரிக்க இசைத்தட்டு ஒன்று கிடைத்தது. இந்த கம்பெனி எங்கே இருந்தது?

அப்படி ஒரு இசைத்தட்டு கம்பெனியே இருந்ததில்லை. சிகாகோவின் சியர்ஸ் ரோபக் நிறுவனம் தபாலில் சரக்கு விற்ற கடை. கிராமபோன் முதல் ரேடியோ வரை தன் சரக்குகளுக்கு அது சூட்டிய பெயர்தான் சில்வர்டோன். தட்டுகளைக் கொலம்பியா, ஃபெடரல், ஜென்னெட் போன்ற கம்பெனிகள் அச்சிட்டுக் கொடுத்தன. இதற்கு முன்பே ஹார்வர்ட், ஆக்ஸ்ஃபோர்ட் என்ற பெயர்களிலும் சியர்ஸ் தட்டு விற்றிருக்கிறது.

கேள்வி: அப்படியென்றால் உண்மையில் அச்சிட்டது யார் என்று எப்படி அறிவது?

நடுவில் ஒட்டிய தாளை நம்பாதீர்கள். தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து, வரிப்பள்ளங்கள் முடிந்து தாள் தொடங்கும் இடைவெளியைப் பாருங்கள். அங்கே சிறிய எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். அதுதான் ஒலிப்பதிவின் அச்சு எண். அதே எண் வேறு கம்பெனியின் தட்டிலும் இருந்தால், இரண்டும் ஒரே பதிவிலிருந்து வந்தவை. இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் தட்டை விற்றுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். கடைத்தட்டின் பாதி வரலாறு அந்த எண்ணில்தான் இருக்கிறது.

கேள்வி: பாடகரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லையே?

புனைபெயராக இருக்கலாம். ஒரே பதிவு பல கடைகளில் பல விலைக்குப் போனதால், பாடகரின் பெயரையும் மாற்றிப் போட்டார்கள். பிராட்லி கின்கெய்ட் நல்ல உதாரணம். கென்டக்கியில் பிறந்தவர், சியர்ஸ் 1924-இல் தொடங்கிய டபிள்யூ.எல்.எஸ். வானொலியில் நாட்டுப்புறப் பாடல்கள் பாடிப் புகழ் பெற்றவர். (‘உலகின் மிகப் பெரிய கடை’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகளே அந்தப் பெயர்.) அவர் பாடியவற்றை ஜென்னெட் பதிவு செய்தது. சியர்ஸின் ‘சூப்பர்டோன்’ தட்டில் அவருடைய சொந்தப் பெயரே இருக்கிறது. ஜென்னெட்டின் மலிவுத் தட்டான ‘சாம்பியனில்’ அவர் டான் ஹியூயி ஆகிவிட்டார். வானொலியில் கேட்ட பெயரைத் தேடித்தான் வாடிக்கையாளர் வாங்குவார் என்பது சியர்ஸுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ‘கான்கரர்’ தட்டும் சியர்ஸ் தட்டுதானா?

ஆம். 1920களின் பிற்பகுதியிலிருந்து 1942 வரை வந்தது. 1930களில் அதை அமெரிக்கன் ரெக்கார்ட் கார்ப்பரேஷன் அச்சிட்டது. கிரெஸ் கடையின் ‘ரோமியோ’, மெக்ரோரி கடையின் ‘ஓரியோல்’ ஆகியவற்றில் வந்த அதே பதிவுகள் இதிலும் வரும். 1942-இல் போர் காரணமாக அரக்குக்கு அமெரிக்க அரசு கடுமையான கட்டுப்பாடு விதித்தது. தட்டு செய்யும் அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது.

கேள்வி: அழுக்கை ஸ்பிரிட்டால் துடைக்கலாமா?

கூடவே கூடாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், வரிப்பள்ளம் போய்விடும். மென்மையான துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பள்ளங்களின் போக்கிலேயே துடையுங்கள். ஒட்டுத்தாளில் ஈரம் படக்கூடாது.