பூஞ்சை பிடித்த கேசட்: ஓடவிடாதீர்கள்

வணக்கம் அண்ணே. தீபாவளி விருந்தில் 80, 90களின் பாட்டுப் புதிர் போட, அப்பா மலேசியத் தமிழ் வானொலியான ரேடியோ 6இலிருந்து பதிந்த கேசட்டுகளை எடுத்தால் வெள்ளைப் பூ, ஒன்றில் சத்தமும் அமுங்குகிறது என்றீர்கள். அப்படியே போட்டுப் பார்க்க வேண்டாம். சுற்றுகள் ஒட்டியிருந்தால் நாடா அறுந்துவிடும். பூஞ்சைத் தூள் பிளேயருக்குள் போய் அடுத்த கேசட்டிலும் ஏறும்.

பினாங்கு ஈரத்தில் இது சகஜம்தான். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு ஒரு வாரம் வையுங்கள். பிறகு மூக்கை மூடிக்கொண்டு, பென்சிலால் மெல்லச் சுற்றியபடி பஞ்சு உதிராத உலர்ந்த துணியில் நாடாவைத் துடையுங்கள். சோப்பு நீர் கூடவே கூடாது.

சத்தம் அமுங்கும் கேசட்டில் நாடாவுக்குப் பின்னால் பாருங்கள். மெல்லிய தகட்டில் ஒரு சின்னக் கம்பளித் துண்டு இருக்க வேண்டும். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் நாடா பிளேயரின் ஹெட்டில் (நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் பகுதி) அழுந்தாது, ‘ச’ எல்லாம் மங்கும். 5 ஸ்க்ரூ போட்ட ஒரு பழைய கேசட்டைத் திறந்து, இந்த நாடாவை அதற்குள் மாற்றிவிடுங்கள். வழவழப்பான இரண்டு தாள்களையும் மூலை உருளைகளையும் மாற்றும்போது வைக்காமல் விட்டால் நாடா சிக்கும். அறுந்த இடத்தில் சாதா செலோடேப் ஒட்டாதீர்கள். பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு கேசட்டுக்கும் பிறகு ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். கேசட்டின் மேல் ஓரத்தில் உள்ள சின்ன பிளாஸ்டிக் காது இரண்டையும் முதலிலேயே உடைத்துவிடுங்கள், அதன்மேல் பதிய முடியாது. இல்லாவிட்டால் விருந்து அவசரத்தில் யாராவது ரெக்கார்ட் பட்டனை அமுக்கினால் அப்பாவின் பதிவு போச்சு.