நனைந்த பூட்ஸும் தேங்காய் எண்ணெயும்: கேள்வி-பதில்

புதிதாகத் தோல் பூட்ஸ் வாங்கியிருக்கிறேன். தண்ணீர் புகாமலிருக்கத் தேங்காய் எண்ணெய் தடவினாலே போதும் என்கிறார் அப்பா. சரிதானா? (கோவை)

அப்பா போட்ட தோல் செருப்புக்கு அது போதுமானதாக இருந்திருக்கும். மலையேறும் பூட்ஸுக்கு வேண்டாம். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கோவையில் உருகித் தோலுக்குள் இறங்குவது, ஊட்டியின் விடியற்காலைக் குளிரில் வெள்ளை வெள்ளையாக மேலே நிற்கும். நாளாக ஆகச் சிக்கு வாடையும் வரும். அளவுக்கு மீறினால் தோல் தொளதொளத்து, கணுக்காலுக்குப் பிடிமானம் இல்லாமல் போகும்.

தோலுக்குக் கொஞ்சம் எண்ணெய்ப் பசை தேவைதான். ஆனால் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது மெழுகு. தேன்மெழுகு 60 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். நம் ஊர் வெயில் அதை ஒன்றும் செய்யாது. தேன்மெழுகு கலந்த பூட்ஸ் மெழுகை விரலால் எடுத்து, உள்ளங்கைச் சூட்டில் இளக்கித் தேயுங்கள். தையல் ஓரங்களிலும், லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கு ஒட்டியிருக்கும் மடிப்பிலும் இரண்டு முறை தேய்க்க வேண்டும், தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான். இரவு அப்படியே விட்டு, காலையில் மிஞ்சியதைப் பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். நிறம் சற்றுக் கறுக்கும் என்பதால் முதலில் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் தடவிப் பார்ப்பது நல்லது.

அடுத்து எப்போது தடவுவது? தேதி பார்க்க வேண்டாம். தண்ணீர் தெளித்தால் முத்துமுத்தாக உருண்டு ஓடும்வரை பூட்ஸைச் சும்மா விடுங்கள்.

வால்பாறை மழையில் நனைந்த பூட்ஸை விறகடுப்பு ஓரம் வைத்துக் காயவைத்தேன். முன்பக்கம் கட்டைபோல் விறைத்து வெடித்துவிட்டது. சரிசெய்ய முடியுமா? (பொள்ளாச்சி)

வெடித்த இடம் மறுபடி ஒட்டாது. அந்த இடத்தில் மெழுகை அழுத்தித் தேய்த்து, வெடிப்பு பரவாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நனைந்ததால் உங்கள் பூட்ஸ் கெடவில்லை, அடுப்புதான் கெடுத்தது. காய்ந்த தோல் தாங்கும் சூட்டை ஈரத்தோல் தாங்காது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்ட தோல், ஈரமாக இருக்கும்போது ஏறத்தாழ 80 டிகிரியிலேயே சுருங்கத் தொடங்கிவிடும். குரோமிய உப்பால் பதனிட்டது இன்னும் கொஞ்சம் தாங்கும், ஆனால் அதற்கு முன்பே அடிப்பாகத்தை ஒட்டிய பசை இளகிவிடும். உச்சி வெயிலில் வைப்பதும் தப்பு.

அடுத்த முறை சேற்றைக் கழுவி, லேஸைத் தளர்த்தி, உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் அட்டையை (இன்சோல்) உருவிவிட்டு, செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். முதல் தாளை ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடுங்கள். பலரும் இதைத்தான் மறக்கிறார்கள். பிறகு மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள். மலைக்குப் போகும்போது பழைய ஞாயிறு இணைப்புகளைப் பையில் போட்டுக்கொண்டால் இந்த வேலைக்கு உதவும், படிக்கவும் உதவும்.

அலமாரியிலிருந்து எடுத்த பூட்ஸில் வெள்ளைப் படலம். பூஞ்சையா? (சென்னை)

முடி உலர்த்தும் கருவியை இளஞ்சூட்டில் வைத்து, சற்றுத் தள்ளிப் பிடித்துச் சில நொடிகள் காட்டுங்கள். படலம் உருகி மறைந்தால் அது தோலிலிருந்து மேலே வந்த கொழுப்பு. துணியால் துடைத்தால் போதும். மறையாமல், பஞ்சுபோல் இருந்து பூசண வாடையும் அடித்தால் பூஞ்சை. மொட்டை மாடியில் வைத்துப் பிரஷால் தட்டி, தண்ணீர் கலந்த வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் காயவையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கும் வழக்கத்தை விடுங்கள். சென்னைக் காற்றின் ஈரத்தோடு சேர்த்துக் கட்டினால் பூஞ்சைக்குப் பந்தி போட்டதுபோல்தான்.

அட்டைப்பூச்சி ஏறாமலிருக்கப் பூட்ஸில் உப்புத் தண்ணீர் தெளிக்கிறேன். தோலுக்குக் கெடுதலா? (தேனி)

கெடுதல்தான். காய்ந்ததும் உப்பு வெள்ளைக் கறையாகத் தங்கி, தோலையும் வறட்டிவிடும். ஓடையில் ஒருமுறை கால் வைத்தால் தெளித்த உப்பும் போய்விடும். முழங்கால்வரை வரும் அட்டைக் காலுறை வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உப்புப் பட்டிருந்தால் நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவைத்து மெழுகு தடவுங்கள்.

சூயட் பூட்ஸுக்கும் மெழுகுதானா? (ஈரோடு)

கூடாது. சூயட் என்பது மேற்பரப்பு வெல்வெட் போல் இருக்கும் தோல், மெழுகு பட்டால் அதன் மென்மயிர் படிந்துவிடும். சூயட்டுக்கென விற்கும் நீர்த்தடுப்புத் தெளிப்பானும் ஒரு பிரஷும் போதும்.

ஆறு வருடம் பெட்டியில் பத்திரமாக இருந்த பூட்ஸ், கொடைக்கானலில் முதல் மணி நேரத்திலேயே அடிப்பாகம் பிரிந்து பொடியாக உதிர்ந்தது. போலியை விற்றுவிட்டார்களா? (மதுரை)

அப்படி இருக்க வேண்டியதில்லை. பாதத்துக்கு மெத்தென்று இருக்கும் நடு அடுக்கைப் பல நிறுவனங்கள் பாலியூரித்தேன் என்ற நுரைப்பொருளால் செய்கின்றன. காற்றிலிருக்கும் ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும், பூட்ஸ் பெட்டிக்குள் தூங்கினாலும் இது நடக்கும். மேல்தோல் நன்றாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அடிப்பாகம் மாற்றித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். பழைய பூட்ஸை மலைக்கு எடுத்துப் போகும் முன், ஒரு வாரம் தெருவில் போட்டு நடந்து பாருங்கள். கட்டைவிரலால் நடு அடுக்கை அழுத்தும்போது விரிசல் தெரிந்தால் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.