கீமோ குழாயில் கிருமித் தொற்று: வழக்கு எதைப் பற்றி நிற்கும்?

கேள்வி: ரத்தப் புற்றுநோய்க்குத் தனியார் மருத்துவமனையில் கீமோ எடுத்துவந்த என் மனைவிக்குக் கழுத்தருகே போட்டிருந்த சென்ட்ரல் லைனில் (மருந்தேற்றப் பெரிய ரத்த நாளத்துக்குள் செருகும் குழாயில்) கிருமி தொற்றி, அது ரத்தத்தில் பரவி இறந்துவிட்டார். டிரஸ்ஸிங் உரிந்திருந்ததை இருமுறை சொன்னோம், படமும் எடுத்தேன். இரவு 10 மணிக்குக் காய்ச்சல் 102 டிகிரி. காலை 6 மணிக்குத்தான் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். எட்டு மாதமாகிறது. வழக்குத் தொடரலாமா?

பதில்: தொடரலாம். ஆனால் தொற்று வந்தது என்பதை மட்டும் சொல்லித் தொடர்ந்தால் வழக்கு நிற்காது. வெள்ளணுக்கள் சரிந்துகிடக்கும் நோயாளிக்கு, எவ்வளவு கவனமாகப் பராமரித்த குழாயிலும் தொற்று வரலாம். குடலிலிருந்தே கிருமி ரத்தத்தில் கலப்பதும் உண்டு. எதிர்த்தரப்பு முதலில் எடுத்துவைக்கப்போவது இந்த வாதத்தைத்தான். சிகிச்சை பலிக்கவில்லை என்பதாலேயே மருத்துவரைக் கவனக்குறைவானவர் என்று கொள்ள முடியாது என 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறியிருக்கிறது.

தங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் அந்த எட்டு மணி நேரத்தில்தான் கண் நின்றது. இத்தகைய நோயாளிக்குக் காய்ச்சல் கண்டால், கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவுக்குக் காத்திராமல் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல்கள் வலியுறுத்தும் நடைமுறை. இந்தத் தாமதத்துக்கு மருத்துவமனை பதில் சொல்லியே ஆக வேண்டும்.

எனவே நர்சிங் சார்ட், காய்ச்சல் அட்டவணை, மருந்து ஏற்றிய நேரப் பதிவு, பிளட் கல்ச்சர் அறிக்கைகள் ஆகியவற்றின் நகலை உடனே எழுத்துமூலம் கேளுங்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைகளின்படி அவற்றை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். குழாயிலிருந்தும் கை நரம்பிலிருந்தும் ஒரே வேளையில் ரத்தம் எடுத்திருந்து, குழாய் ரத்தத்தில் கிருமி இரண்டு மணி நேரமாவது முன்னதாக வளர்ந்திருந்தால், தொற்று குழாயிலிருந்தே வந்தது என்பதற்கு அது வலுவான சான்றாகும். எல்லா வழக்குகளிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று 2010இல் கிஷன் ராவ் வழக்கில் தீர்ப்பாகியிருந்தாலும், தங்கள் வழக்கில் ஒரு புற்றுநோய் மருத்துவரின் எழுத்துபூர்வக் கருத்து இல்லாமல் நான் மனுத் தாக்கல் செய்ய மாட்டேன்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 69ஆம் பிரிவு இரண்டாண்டு அவகாசம் தருகிறது. செலுத்திய கட்டணம் 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்தியிருந்தாலும் தங்கள் உரிமை போகாது.

தாங்கள் அனுப்பிய படத்தில், உரிந்த ஓரத்துக்குக் கீழே டிரஸ்ஸிங் போட்ட தேதி பேனாவால் எழுதியிருப்பது தெளிவாகத் தெரிகிறது. படம் எடுத்த நாளுக்கு அது ஒன்பது நாள் முந்தையது. ஒட்டும் டிரஸ்ஸிங்கை ஏழு நாளுக்கு ஒருமுறையும், உரிந்தால் உடனேயும் மாற்ற வேண்டும். அந்தப் படம் இருக்கும் கைப்பேசியை மாற்றவோ விற்கவோ வேண்டாம். பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவு மின்னணு ஆவணங்களுக்குக் கேட்கும் சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.