பாறை, நீர், விலங்கு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பாறை வெடிப்பில் ஓடும் வெள்ளை வரி குவார்ட்ஸா, கால்சைட்டா என்று ஆய்வகம் இல்லாமல் எப்படிச் சொல்வது?

பதில்: ஒரு பேனாக்கத்தியும் ஒரு துளி அமிலமும் போதும். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் கால்சைட் 3, குவார்ட்ஸ் 7. கத்தியின் எஃகு ஏறக்குறைய 5.5. கத்தி முனையை அழுத்திக் கீறினால் கால்சைட்டில் பள்ளம் விழுந்து வெள்ளைத் தூள் உதிரும். குவார்ட்ஸிலும் ஒரு கோடு தெரியும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். விரலை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். கோடு அழிந்துவிட்டால், கத்தி தேய்ந்து தன் எஃகைக் கல்லில் பூசியிருக்கிறது என்று பொருள்.

அமிலச் சோதனைக்கு 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும். அடர் அமிலம் ஒரு பங்குக்கு நீர் மூன்று பங்கு. நீரை முதலில் எடுத்துக்கொண்டு அதில் அமிலத்தை ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கால்சைட் உடனே நுரைக்கும், குவார்ட்ஸ் சும்மா இருக்கும். ஆனால் சுத்தியலால் உடைத்த புது முகத்தில்தான் துளி விழ வேண்டும். குவார்ட்ஸ் மேல் படிந்த மெல்லிய சுண்ணாம்புப் படலமும் நன்றாக நுரைக்கும், அதை நம்பி முடிவெடுத்தவர்கள் நிறையப் பேர். கால்சைட்டைப் போன்ற இன்னொரு கார்பனேட் கனிமமான டோலமைட், முழுக் கல்லாக இருக்கையில் நுரைக்காது, பொடியாக்கினால் மெல்ல நுரைக்கும். கத்திக்கும் அமிலத்துக்கும் அசையாமல், ஏறக்குறையச் செங்கோணத்தில் இரண்டு தட்டையான முகங்களாகப் பிளந்தால் அது வெள்ளை பெல்ட்ஸ்பார் என்ற கனிமம்.

கேள்வி: மின்தடை ஆய்வு செய்தவர் '40 மீட்டரில் நீர்' என்று எழுதிக் கொடுத்தார். துளையிட்டால் களிமண் வருகிறது. கருவி பழுதா?

பதில்: கருவி சரியாகவே வேலை செய்திருக்கலாம். அதற்கு நீரைத் தெரியாது, மின்சாரம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்பது மட்டுமே தெரியும். ஒரே கோட்டில் நான்கு மின்முனைகளை மண்ணில் அடித்து, வெளிப்புற இரண்டின் வழியே மின்னோட்டம் செலுத்தி, உட்புற இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாட்டை அளக்கிறோம். வென்னர் முறையில் நான்கும் சம இடைவெளியில் இருக்கும். இடைவெளி 10 மீட்டர், அளந்த மின்தடை 0.8 ஓம் என்றால், மின்தடைத்திறன் (நிலம் மின்சாரத்தைத் தடுக்கும் அளவு) 2 × 3.14 × 10 × 0.8, அதாவது சுமார் 50 ஓம்-மீட்டர். கீழே உள்ள எல்லா அடுக்குகளும் கலந்து தரும் மதிப்பு இது. எந்த ஓர் அடுக்குக்கும் தனியாக உரியதல்ல.

சிதையாத கருங்கல் ஆயிரக்கணக்கான ஓம்-மீட்டர் காட்டும். நன்னீர் ஊறிய சிதைவுப் பாறை அதைவிட மிகக் குறைவாகக் காட்டும். களிமண் இன்னும் குறைவு, உப்புநீர் ஊறிய மணலும் அப்படியே. 10 ஓம்-மீட்டருக்குக் கீழே இறங்கினால் 'நல்ல நீர்' என்று எழுதும் கை கொஞ்சம் தயங்க வேண்டும். குறைந்த எண் என்றாலே நீர் என்று படிப்பதுதான் இந்தத் துறையின் மிகப் பழைய தவறு.

இதற்கு மேல் ஒரு கணக்குச் சிக்கலும் உண்டு. இரண்டு உயர் மின்தடை அடுக்குகளுக்கு நடுவே 10 ஓம்-மீட்டரில் 5 மீட்டர் தடிப்புள்ள அடுக்கு இருந்தாலும், 20 ஓம்-மீட்டரில் 10 மீட்டர் தடிப்புள்ள அடுக்கு இருந்தாலும், மின்முனை இடைவெளியைக் கூட்டக் கூட அளந்த மதிப்புகளின் வரைகோடு கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். மென்பொருள் ஏதோ ஒன்றைத் தேர்ந்து அழகான அடுக்குப் படம் வரைந்து தரும். அதில் '40 மீட்டர்' என்று அச்சானதை அளவுநாடா வைத்து அளந்த ஆழமாக எண்ண வேண்டாம்.

களத்தில் நடக்கும் பிழைகள் தனி. காய்ந்த மண்ணில் மின்முனை சரியாகப் பதியாமல் மின்னோட்டம் குறைந்து அளவு துள்ளும். முனையைச் சுற்றி உப்புநீர் ஊற்றினால் தணியும். புதைந்த இரும்புக் குழாயும் கம்பி வேலியும் மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும். காப்பு உரிந்த கேபிள் ஈரத்தில் கசியும். அதனால் ஒரே மையத்தில் செங்குத்தான இரு திசைகளில் அளந்து ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அடியில் அடுக்குகள் கிடையாக இல்லை, ஒற்றைப் புள்ளி ஆய்வு அங்கே பயன்படாது. கோட்டு நெடுகிலும் அளக்கும் இரு பரிமாணப் படம் எடுக்க வேண்டும். பாறை வெடிப்பைத் தேடும்போது இது இன்னும் அவசியம், குறுகிய செங்குத்து வெடிப்பு ஒற்றைப் புள்ளி அளவில் பெரும்பாலும் சிக்காது.

அடுத்த முறை ஒன்று கேளுங்கள்: மண் அடுக்குகள் தெரிந்த பழைய கிணறு ஒன்றின் அருகே முதலில் அளந்தாரா? அதன் நீரின் மின்கடத்துதிறனைப் பார்த்தாரா? இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் அறிக்கையை ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதிய ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு மணி நேரம் பம்ப் ஓட்டினோம். நீர்மட்டம் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. இதே வேகத்தில் ஆண்டு முழுவதும் எடுக்கலாமா?

பதில்: நின்றதுபோல் தெரிகிறது, அவ்வளவுதான். நீர்மட்ட இறக்கம் நேரத்தின் மடக்கையைப் பின்பற்றுகிறது. 10-வது நிமிடத்திலிருந்து 100-வது நிமிடத்துக்குள் எவ்வளவு இறங்குமோ, 100-லிருந்து 1000-க்குள்ளும் அவ்வளவே இறங்கும். 1935-ல் அமெரிக்க நீரியலாளர் தைஸ், திடப்பொருளில் வெப்பம் பரவும் கணிதத்தை நிலத்தடி நீருக்குப் பொருத்தியதிலிருந்து வந்த முடிவு இது. 1946-ல் கூப்பரும் ஜேக்கபும் அதை ஒரு நேர்கோடாகச் சுருக்கினார்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். வினாடிக்கு 10 லிட்டர், அதாவது நாளுக்கு 864 கன மீட்டர் எடுக்கிறீர்கள். நேரம் பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் மட்டம் 1.5 மீட்டர் இறங்குகிறது. இரண்டு மணி நேரச் சோதனையின் கடைசிப் பத்து நிமிடங்களில் இறக்கம் வெறும் 6 சென்டிமீட்டர். மட்டமானியைக் கையால் இறக்கி அளப்பவருக்கு அது நின்றதாகத்தான் படும். அதே கோட்டை ஓராண்டுக்கு நீட்டினால் மேலும் சுமார் 5.5 மீட்டர் இறங்கும். மோட்டார் அந்த 5.5 மீட்டருக்குள் தொங்கிக்கொண்டிருந்தால் கோடையில் காற்றைத்தான் இழுக்கும்.

இதுவும் நீர்த்தாங்கி (நிலத்தடியில் நீரைத் தேக்கித் தரும் அடுக்கு) எல்லையின்றிப் பரந்திருக்கிறது என்ற அனுமானத்தில்தான். பம்ப் இறக்கத்தால் நீர் வந்து சேரும் பரப்பு விரிந்துகொண்டே போய், நீர் புகாத பாறைச் சுவர் ஒன்றில் முட்டினால் கோட்டின் சாய்வு இரண்டு மடங்காகும். மாறாகச் சாய்வு தட்டையானால் ஓர் ஆறோ மேலடுக்கின் கசிவோ ஊட்டுகிறது. இவை தெரியவர நேரம் வேண்டும். அதனால்தான் மேலே நீர் புகா அடுக்கு மூடிய நீர்த்தாங்கிக்கு 24 மணி நேரமும், அப்படி மூடாத திறந்த நீர்த்தாங்கிக்கு 72 மணி நேரமும் ஓட்டுவது வழக்கம்.

செய்முறை: முதல் பத்து நிமிடம் நிமிடத்துக்கு ஒரு முறை அளவு, பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். நீர் எடுக்கும் வேகம் மாறக் கூடாது. மட்டம் இறங்க இறங்க பம்பின் வெளியேற்றம் தானாகவே குறையும், அதை வால்வைத் திறந்து சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். எடுத்த நீரைக் கிணற்றருகிலேயே கொட்டினால் அது மீண்டும் உள்ளே இறங்கி உங்களை மகிழ்விக்கும். தொலைவில் கொண்டுபோய் விடுங்கள். அக்கம்பக்கத்துக் கிணறுகள் ஓடினால் அந்த நேரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பம்பை நிறுத்திய பின் மட்டம் ஏறுவதையும் அதே ஒழுங்கில் அளக்க வேண்டும். வெளியேற்றம் ஏறி இறங்கும் தொல்லை இல்லாததால் பல நேரம் மீட்சி அளவுகளே நம்பகமானவை.

மேலே சொன்ன எண்களுக்கு நீர் கடத்துதிறன் (நீர்த்தாங்கி தன் முழுத் தடிப்பிலும் நீரைக் கடத்தும் திறன்), கூப்பர்-ஜேக்கப் சூத்திரப்படி 0.183 × 864 ÷ 1.5, ஏறக்குறைய நாளுக்கு 105 சதுர மீட்டர். சேமிப்புக் கெழுவும் (மட்டம் இறங்கும்போது நீர்த்தாங்கி எவ்வளவு நீரை விடுகிறது என்ற எண்) வேண்டுமென்றால் பம்ப் ஓடும் கிணறு மட்டும் போதாது, சற்றுத் தள்ளி ஒரு கவனிப்புக் கிணறு வேண்டும்.

கேள்வி: கருவி எதுவும் இல்லாமல் ஓடையின் நீரோட்டத்தை அளக்க முடியுமா?

பதில்: முடியும். நேராக ஓடும் 20 மீட்டர் நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். குறுக்கே பல இடங்களில் ஆழம் பார்த்துச் சராசரி எடுங்கள். பாதி நீர் நிரப்பி மூடிய சிறு பாட்டிலை விட்டு நேரம் பாருங்கள். வெறும் பாட்டிலைக் காற்று தள்ளிவிடும். நடு, இடது, வலது என்று பல முறை விட வேண்டும். அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 0.3 மீட்டர், 20 மீட்டரைக் கடக்க 40 வினாடி என்றால், மேற்பரப்பு வேகம் வினாடிக்கு 0.5 மீட்டர். அடியில் உராய்வால் வேகம் குறைவு என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் 0.425. பரப்பு 1.2 சதுர மீட்டரோடு பெருக்க, வினாடிக்கு 510 லிட்டர். ஆழம் குறைந்த, கல் நிறைந்த ஓடையில் 0.85 அதிகம், விடை உண்மையைவிடக் கூடுதலாக வரும்.

கேள்வி: தானியங்கி கேமராக்களில் பதிவான சிறுத்தைகளை எண்ணினோம். பதிவானவை 18. பகுதியில் மொத்தம் எத்தனை என்று எப்படிச் சொல்வது?

பதில்: முதலில் அந்த 18-ஐப் பிரித்துப் பாருங்கள். முதல் சுற்றில் 12 சிறுத்தைகள், இரண்டாவது சுற்றில் 15, அவற்றில் 9 ஏற்கெனவே பதிவானவை என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது சுற்றில் வந்தவற்றில் 15-க்கு 9 பழையவை. ஆக, முதல் சுற்று மொத்தத்தில் அதே விகிதத்தைத்தான் பிடித்திருக்க வேண்டும். 12 × 15 ÷ 9 = 20. சிறு எண்களுக்குப் பொருத்தமான சேப்மன் திருத்தத்தில் 13 × 16 ÷ 10, அதில் ஒன்றைக் கழித்தால் 19.8.

இப்போது அந்த 9-ல் இரண்டைப் புள்ளி வடிவம் சரியாகத் தெரியாமல் 'புதியவை' என்று எழுதிவிட்டீர்கள் என்று வையுங்கள். 13 × 16 ÷ 8, ஒன்றைக் கழித்தால் 25. இரண்டு மங்கலான படங்கள் இல்லாத ஐந்து சிறுத்தைகளை உருவாக்கிவிட்டன. சந்தேகத்துக்குரிய படத்தைப் 'புதியது' என்று எழுதுவதைவிடத் தள்ளிவைப்பது நல்லது. ஒரே படத்தொகுப்பை இருவர் தனித்தனியே அடையாளம் கண்டு பிறகு ஒப்பிட வேண்டும்.

அடையாளப் பிழைக்கு முக்கியக் காரணம் ஒற்றைக் கேமரா. சிறுத்தையின் இடப்பக்கப் புள்ளிகளும் வலப்பக்கப் புள்ளிகளும் வேறுவேறு. இடப்பக்கப் படம் ஒன்றும் வலப்பக்கப் படம் ஒன்றும் ஒரே விலங்கா என்று யாராலும் சொல்ல முடியாது. பாதையின் இருபுறமும் இரண்டு கேமரா வைக்க வேண்டும், ஆனால் நேருக்கு நேராக அல்ல. ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் படத்தை வெளுக்கச் செய்யும், சற்று விலக்கி வையுங்கள். உயரம் 40 முதல் 50 சென்டிமீட்டர், பாதையிலிருந்து 3 முதல் 4 மீட்டர். சென்சார் வெப்ப வேறுபாட்டின் அசைவைத்தான் உணர்கிறது. எதிரே உள்ள புல்லை வெட்டாவிட்டால் வெயிலில் சூடான புல் ஆடி ஆயிரம் வெற்றுப் படங்கள் சேர்ந்து பேட்டரி தீரும். உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் எதிரே முகம் வைக்காதீர்கள். காற்றின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும் நண்பகலில் சென்சார் விலங்கைத் தவறவிடும். பேட்டரி மாற்றியதும் கடிகாரத்தைச் சரிபாருங்கள், தேதி அழிந்த படம் இந்தக் கணக்கில் சேராது.

இடைப்பட்ட காலத்தில் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு இல்லை என்பது இந்தச் சூத்திரத்தின் நிபந்தனை. அதனால் ஆய்வை 45 முதல் 60 நாளுக்குள் முடிக்கிறார்கள். அடர்த்தி வேண்டுமென்றால் 20-ஐக் கேமரா பரப்பால் வகுத்துவிடாதீர்கள். ஓரத்துச் சிறுத்தைகள் வெளியிலும் வாழ்கின்றன, வகுத்தால் அடர்த்தி ஊதிப்போகும். எந்த விலங்கு எந்தக் கேமராவில் விழுந்தது என்ற இடத் தகவலையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை 2004-ல் சூழலியலாளர் எஃபோர்ட் முன்வைத்தார். இன்று அதைப் பயன்படுத்தாத அடர்த்தி எண்ணை ஏற்கத் தேவையில்லை.

கேள்வி: நீர்நிலையருகே ஒரு நாள் காத்திருந்து எண்ணுவது?

பதில்: அந்த நாளில் அந்த இடத்துக்கு எத்தனை முறை விலங்குகள் வந்தன என்று தெரியும். திரும்பி வந்ததே மீண்டும் எண்ணப்படும், மழை பெய்தால் எதுவும் வராது. தொகை மதிப்பீட்டுக்கு உதவாது.

கேள்வி: யானைகள் சில குறிப்பிட்ட மண் சரிவுகளை மட்டும் பெயர்த்துத் தின்பது ஏன்?

பதில்: பெரும்பாலும் சோடியத்துக்காக. தாவர உணவில் அது குறைவு. கென்யாவின் எல்கன் மலையில் உள்ள கிட்டம் குகைக்குள் யானைகள் இருட்டில் நுழைந்து எரிமலைச் சாம்பல் பாறையைத் தந்தத்தால் பெயர்த்து உண்கின்றன. ஆய்வு செய்பவர்கள் தின்ற மண்ணை மட்டும் எடுத்துவருவது அரைகுறை வேலை. தொடாத மண்ணையும் அருகிலிருந்து அதே ஆழத்தில் எடுக்க வேண்டும். மொத்தச் சோடியத்தை விட நீரில் கரையும் சோடியத்தை அளப்பது முக்கியம். பெல்ட்ஸ்பாருக்குள் பூட்டிக்கிடக்கும் சோடியம் யானைக்கு எளிதில் கிடைக்காது.

கேள்வி: ஒரு குடுவை ஆற்றுநீரில் இருந்து அங்கு வாழும் உயிரினங்களைக் கண்டறிகிறார்களாமே?

பதில்: உதிர்ந்த செல்களின் டிஎன்ஏ-வைக் கொண்டு கண்டறிகிறார்கள். ஒன்றிரண்டு லிட்டர் நீரை 0.45 மைக்ரான் போன்ற நுண்துளை வடிகட்டியில் செலுத்தி, வடிதாளை எத்தனாலில் இட வேண்டும். கலங்கல் நீரில் வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். தாளை மாற்றி மாற்றி வடிக்கலாம், ஆனால் எத்தனை மில்லிலிட்டர் போனது என்று எழுதுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் புதுக் கையுறை, பிளீச்சில் கழுவி அலசிய கருவிகள், தூய நீரை அதே முறையில் வடித்த ஒரு வெற்று மாதிரி. வெற்று மாதிரியில் மீனின் டிஎன்ஏ வந்தால் அந்த நாளின் மாதிரிகள் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. ஓடும் நீரில் டிஎன்ஏ மேலிருந்து அடித்துவரும் என்பதால், கிடைத்த இடத்தில்தான் அந்த மீன் இருக்கிறது என்று எழுத வேண்டாம். மாதிரி எடுக்கும்போது ஆற்றில் இறங்கினால் நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில், உங்கள் காலுக்கு மேல்பக்கத்திலிருந்து குடுவையை நிரப்புங்கள்.